வெளிச்சம் ஆகாதவருக்கு ஒரு தோட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு நர்சரியில் கிடைத்தது. தொட்டி வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், துளி வெயில்கூடப் படாத இடத்துக்குச் செடி கேட்டுக்கொண்டிருந்தாள். கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிட்டால் எந்தச் செடியும் வரும் என்றார் நர்சரிக்காரம்மா.

"கழிக்கக் கூடாதுங்க. வெயில் வரக் கூடாதுன்னுதான் அந்த இடமே."

அந்தப் பதில்தான் என்னை அவள் பின்னாலேயே போக வைத்தது. இனி வருவதில் பாதி அவள் பிற்பாடு சொன்னது, பாதி என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அடர்ந்த மரங்களின் பச்சை நிழலில் அவள்...'

வேண்டாம். அழகாக இருக்கிறது. அங்கே எதுவும் அழகாக இல்லை.

அடுத்து: 'அவள் கணவர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த அன்று...'

அதுவும் வேண்டாம். விழுவதைக் காட்டினால் நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இவர்களுடைய பாடு விழுந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். பிள்ளைகளுக்கு அவள் வேனக்கா. கணவர் வெல்டர். நாளெல்லாம் நெருப்புப் பொறியோடு புழங்கிய மனிதர், தலையில் அடிபட்டதிலிருந்து வெளிச்சம் ஆகாதவராகிவிட்டார். கதவிடுக்கில் ஒரு கீற்று வந்தாலும் மண்டை பிளக்கும், குடல் புரட்டும். போகப்போகச் சரியாகலாம் என்றார் டாக்டர். அந்த 'லாம்'ஐ நம்பி அறை ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்தாள். புருஷன் முகம் எப்படி இருக்கிறது என்பதையே அவள் கையால் தடவித்தான் தெரிந்துகொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் யாரும் நடாமல் தானாக மண்டிய பெரிய மரங்கள். மத்தியானத்திலும் அங்கே அந்தி மாதிரி இருக்கும். மேகம் கவிந்த ஒரு நாள் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கறுப்புக் கண்ணாடியைத் தானே கழற்றினார். "காத்து நல்லா இருக்கு," என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பார்க்கத்தான் ஒன்றும் இல்லை என்றார்.

வேனக்காவுக்கு அது போதும், அங்கே தோட்டம் போடக் கிளம்பிவிட்டாள்.

3

அவள் செடி பொறுக்கிய விதத்தை நான் இட்டுக்கட்டவில்லை, கண்ணால் பார்த்தேன். வெள்ளைப் பூ பூப்பதை ஒதுக்கினாள், கண்ணைக் குத்துமாம். பளபளக்கும் இலையும் ஆகாது. ஒவ்வொன்றையும் விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்து, மங்கலான இலைகளாக எடுத்தாள்: பெரணி, கருஞ்சிவப்பு இலை பிகோனியா, சேம்பு மாதிரி ஏதோ ஒன்று.

எல்லாம் செத்தன.

மறுபடி வாங்கினாள். வேனை நிறுத்திவிட்டு வந்த கையோடு குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். அவையும் செத்தன. குற்றம் நிழலில் மட்டும் இல்லை, அத்தனை தண்ணீரையும் மரத்து வேர்களே குடித்துவிடுகின்றன என்றார் நர்சரிக்காரம்மா. நாலு கிளையும் கொஞ்சம் வேரும் வெட்டினால்தான் உண்டு. அடுத்த தடவை செடியைக் கையில் கொடுக்கவே இல்லை. "உனக்கு விக்க எனக்கு மனசு வரலம்மா," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

4

(இந்த இடத்தில் கணவரை நான் பொறுமையின் வடிவமாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். வேனக்கா சிரித்துவிட்டாள். "அவரா? சாப்பாட்டுத் தட்டை எத்தனை தடவை வீசியிருக்கார் தெரியுமா? இருட்டுல நான்தான் துழாவித் துடைப்பேன்." அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். தட்டு வீசுகிறவர் என்பதால்தான் அடுத்து அவர் சொன்னது என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது.)

5

காய்ந்த செடிகளை அவள் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, நாற்காலியிலிருந்து அவர் சொன்னார்:

"மரத்தை வெட்டச் சொல்லிரு."

"வெயில் வந்தா நீங்க எங்க உட்காருவீங்க?"

"உள்ளயே இருந்துக்கறேன். எனக்காகப் பாத்துப் பாத்து உன் பக்கத்துல ஒண்ணுமே தழைக்க மாட்டேங்குது. அந்தச் செடியாவது தழைக்கட்டும்."

அவர் செடியைப் பற்றிப் பேசவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. மறுநாளிலிருந்து எவ்வளவு கூப்பிட்டும் அவர் வெளியே வரவில்லை. நாற்காலி மேல் சருகு விழுந்தது.

6

முடிவுகள்.

அவருக்குக் குணமாகிவிட்டது என்று ஒன்று எழுதினேன். கிழித்துவிட்டேன். டாக்டரே அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

பெரணியில் ஒரு குருத்து சுருண்டு எழுவதாக இன்னொன்று. அவளிடம் கேட்டேன். எதுவும் எழவில்லை என்றாள்.

அவள் அவரை விட்டுப் போவதாக

(இல்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு நாள் அவளே போய் மரம் வெட்டுகிறவரைக் கூட்டிவந்தாள். அவர் இடுப்பில் கயிறு கட்டி மேலே ஏறினார். கவட்டையில் கால் ஊன்றிக்கொண்டு, "எந்தக் கிளை, அக்கா?" என்று கேட்டார். கறுப்புத் துணிக்குப் பின்னால் கணவருக்கும் அது கேட்டிருக்கும். வேனக்கா அண்ணாந்து பார்த்தாள்.

இதுவரை சொல்லிவிட்டு, பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் நான் கேட்கவில்லை. அவள் கையை நீட்டி ஒரு கிளையைக் காட்டினாள் என்று எழுதப் பார்த்தேன், முடியவில்லை. "இறங்கிடுங்க" என்றாள் என்று எழுதினால், அவர் இறங்கிய பிறகு அவள் எந்த இருட்டு அறைக்குள் போவாள் என்று எனக்குத் தெரியும்.

மனிதர் இன்னும் மரத்தின் மேல்தான் நிற்கிறார். நீங்களாவது அவருக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.