அடுப்படியில் ஓடிய லாரி

சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டே வசந்தாமணி போனை எட்டிப் பார்த்தாள். லாரி நின்றிருந்தது. ராசிபுரத்தில் ஏற்றிய ஜவ்வரிசி மூட்டைகள் சாயங்காலத்துக்குள் நாக்பூர் குடோனில் இறங்கியாக வேண்டும்.

நாமக்கல் பைபாசில் வாடகைக்கு இருந்த லாரி ஆபீஸை, லாரியின் கேபினுக்குள் கேமரா மாட்டிய கையோடு காலி செய்துவிட்டார் அவள் வீட்டுக்காரர் குணசீலன். அவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஒடிசாவில் கிடக்க, ஆபீஸ் இப்போது அஞ்சறைப்பெட்டியில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்தது. டிரைவர் மாதையனுக்கோ அந்தக் கேபின்தான் வீடு. பனமரத்துப்பட்டியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு மாதத்தில் ஒருநாள் இருந்தால் அதிகம். அவர் சாமி கும்பிடுவது, சவரம் செய்வது, தனக்குத்தானே திட்டிக்கொள்வது எல்லாமே இவள் அடுப்படியில் தெரிந்தது, கேட்டது. தூங்கும்போது மட்டும் துண்டை எடுத்துக் கேமராமேல் போட்டுவிடுவார். ஆம்பளை கால் நீட்டிப் படுப்பதை ஓனரம்மா பார்க்கக் கூடாதாம். இவளும் மரியாதை தெரிந்து போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

போனில் மைக்கை அழுத்திப் பேசினாள். கேமராவிலிருந்த ஸ்பீக்கர் வழியே அது கேபினுக்குள் கேட்கும்.

"ஏனுங்கண்ணா, வண்டி நிக்குது?"

மாதையன் கேமராவைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "நெஞ்சு ஒரு மாதிரி கரிக்குதுங்கம்மா. சித்த நேரம் சாஞ்சுட்டு வாரேனுங்க."

"ராத்திரி தின்ன பரோட்டாவா இருக்குமுங்க. ஒரு சோடாவக் குடிச்சுப்போட்டு எடுங்கண்ணா. குடோன மூடிட்டாங்கன்னா நாளைக்கும் அங்கயேதான் கெடக்கோணும்."

"செரிங்கம்மா."

வண்டி நகர்ந்தது. நாம் சொன்னால்தான் வேலை நடக்கிறது என்று அவளுக்கு ஒரு திருப்தி.

துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் நின்றிருந்தது. மாதையன் ஸ்டியரிங்மேல் தலை கவிழ்ந்து கிடந்தார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லதனமாகச் சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். கண்ணசரும் டிரைவரை எழுப்பவென்றே அந்தக் கேமராவில் ஓர் அலாரம் இருந்தது. அதை விட்டு விட்டு அழுத்தினாள். இங்கேயே காது கிழிந்தது. அவர் அசையவில்லை. அழுத்திக்கொண்டே குழம்புக்கு உப்புப் பார்த்தாள். கேமராவை மூடாமல் தூங்குகிறாரே, வெட்கம்கூட விட்டுப்போயிற்றா என்று நினைத்தபோதுதான் அவர் தோளிலேயே கிடந்த துண்டு கண்ணில் பட்டது. மாதையன் ஒருநாளும் இப்படித் தூங்கியதில்லை. கரண்டி நழுவிக் கீழே விழுந்தது.

"அண்ணா! மாதையண்ணா! எந்திரிங்க சாமி! வண்டிய எடுக்க வேண்டாமுங்க, சும்மா எந்திரிச்சு ஒக்காந்தாப் போதும்!"

அலாரம் கேட்டோ என்னவோ, தலைப்பாகை கட்டிய ஓர் ஆள் வந்து கதவைத் திறந்தார். மாதையனின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு அவரை மெல்லச் சீட்டில் சாய்த்து, வாயோரத்தைத் துடைத்து, கண்களை மூடிவிட்டார்.

"நான்தான் போகச் சொன்னேன், நான்தான் போகச் சொன்னேன்" என்று வசந்தாமணி கதறினாள்.

அந்த ஆளுக்குத் தமிழ் புரியவில்லை. திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். சீட்டுக்கு அடியில் குனிந்தார், பின்னாலிருந்த படுக்கைப் பலகையைத் தூக்கினார். யாரோ ஒரு பெண் வண்டிக்குள் மாட்டிக்கொண்டு அழுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். இந்தியில் ஏதோ ஆறுதலாகச் சொல்லிக்கொண்டே கீழே குதித்தார். கதவு திறந்தே கிடந்தது. லாரியின் பின்பக்கம் அவர் தார்ப்பாய்க் கயிற்றை அவசரமாக அவிழ்க்கும் சத்தம் கேட்டது.