ஐந்தாவது வரி

லுல்வாவுக்குக் கார் ஓட்டப் பயம் என்றுதான் சவூதியின் புரைதாவில் அவள் குடும்பத்தார் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஓட்டலாம் என்று சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாத்தனார்கள் இருவரும் ஓட்டினார்கள். லுல்வா மட்டும் ரமலான் முடியட்டும், வெயில் குறையட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காரிடம் பயம் இல்லை. பழகுநர் உரிமம் வாங்குவதற்கு முன்னால் ஒரு கண் பரிசோதனை உண்டு. அதனிடம்தான் பயம்.

அவள் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் பார்வையின் நடுப்பகுதி அழிய ஆரம்பித்தது. எதிரில் நிற்பவரின் காது தெரியும், முக்காட்டின் ஓரம் தெரியும், முகம் தெரியாது. லுல்வாவுக்கு இப்போது நாற்பத்தாறு. இரண்டு வருடமாக இடது கண்ணுக்குத் தெருப் பலகைகள் கரைந்து தெரிந்தன. தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, சுவர்ப் பளிங்கின் கோடுகள் வளைகின்றனவா என்று பார்ப்பாள். கோடுகள் நேராக இருந்த நாளில் கஹ்வா காப்பி ருசித்தது. டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும். பெயர் வராதவரை அது தூசியாக இருக்கலாம், தூக்கம் போதாததாகவும் இருக்கலாம்.

கடைசியில் அவளை ஓட்டுநர் பள்ளிக்கு இழுத்து வந்தவள் தங்கை மூதி.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணா சேர்றோம். இனிமேலும் ஏதாவது சாக்கு சொன்னே, உன் புருஷன்கிட்ட சொல்லி உனக்கு ஒட்டகம் வாங்கித் தரச் சொல்றேன்" என்றாள் மூதி, காத்திருக்கும் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி.

"மெதுவா பேசுடி."

"எதுக்கு? இங்க எல்லாம் பொம்பளைங்கதானே!"

முதலில் லுல்வாவைத்தான் கூப்பிட்டார்கள். பரிசோதிக்கிறவள் ரோவெனா என்ற பிலிப்பைன்ஸ் பெண். வேலையில் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அரபியை எண்ணி எண்ணிப் பேசினாள். ஒவ்வொரு எழுத்தாகச் சுட்டிக்காட்டும் விளக்கு நேற்றுக் காலையிலேயே பழுதாகிவிட்டதாம்.

"மேடம், நீ சொல்லு. வரி வரியா சொல்லு. மேலே, கீழே, அப்படி."

சுவர்ப் பலகையில், மூன்று பல் சீப்பைப் போன்ற உருவங்கள் நாலா பக்கமும் திரும்பி நின்றன. லுல்வா முகத்திரையை ஏற்றிவிட்டு, இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். வலது கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று இருந்தது. சொல்லிக்கொண்டே வந்தாள். ரோவெனா கையிலிருந்த அட்டையைப் பார்த்துப் பார்த்துக் குறித்தாள். அவள் புருவம் மெல்ல நெருங்கியது. கண்ணை மாற்றியும் அதே புருவம்தான்.

"மேடம், மன்னிச்சுக்கோ. ரெண்டு கண்ணும் நல்லா இல்லே. மேலே ஒண்ணு சரி. கீழே எல்லாம் தப்பு. ஆஸ்பத்திரி போ."

ரெண்டு கண்ணுமா?

லுல்வா நாற்காலியிலிருந்து எழுந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வலது கண்ணை அவள் ஒரு நாளும் சந்தேகித்ததில்லை. நன்றாகத் தெரிகிறது என்று நினைத்ததெல்லாம் பொய்யா? அம்மாவும் ஆரம்பத்தில் இப்படித்தான், தெரிகிறது தெரிகிறது என்று சாதித்தாளோ? கண்ணே தன்னிடம் பொய் சொல்லும் என்றால் மனுஷி எதை வைத்துச் சரிபார்ப்பது?

வெளியே வந்தவளை மூதி பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்னா?"

"ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்."

மூதியின் முகத்தில் ஏதோ ஒன்று சட்டென்று அணைந்தது. அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளேயிருந்து மூதியின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"எனக்கா கண்ணு தெரியல? கப்சா சோத்துத் தட்டுல ஒரு முடி கிடந்தா மூணாவது வீட்டுல இருந்து சொல்லுவேன்! எனக்கா?"

லுல்வா பதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். மூதி பலகையின் முன்னால் விரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நீயே பாரு. ஐந்தாவது வரி. மேல, வலது, வலது, கீழ, இடது. இதுல என்ன தப்பு?"

ரோவெனா அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "மேடம், தப்பு. இங்கே இடது, கீழே, வலது, வலது, மேலே" என்றாள்.

"அதையேதாண்டி நானும் சொன்னேன்!"

இல்லை, அதையே சொல்லவில்லை. லுல்வா இரண்டு குரலையும் மனதுக்குள் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். அதே ஐந்துதான், தலைகீழாக.

"பிள்ளே, நீ எந்தப் பக்கத்துல இருந்து படிக்கிறே?"

ரோவெனா இடது கையை உயர்த்தினாள்.

"நாங்க அரபி படிக்கிறது இந்தப் பக்கத்துல இருந்து" என்று லுல்வா வலது கையை உயர்த்தினாள். "பிறந்ததுல இருந்து."

ரோவெனா அட்டையால் வாயை மூடிக்கொண்டாள். "ஐயோ மேடம்! நேத்து... நேத்து பதினோரு பேரை ஆஸ்பத்திரி அனுப்பினேன்."

"பதினோரு பேரா! ஊரே குருடுன்னு நினைச்சியாக்கும்!" என்று மூதி கத்தினாள். கத்திக்கொண்டே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

மறுபடியும் முதலிலிருந்து. மூதி இரண்டு கண்ணாலும் கடைசி வரிவரை படித்து முடித்தாள். லுல்வாவின் வலது கண் ஆறாவது வரிவரை தடையில்லாமல் போயிற்று. இடது கண் நான்காவது வரியில் தயங்கி, ஐந்தாவதில் நின்றுவிட்டது. சீப்புகள் நனைந்த மாவாகத் தெரிந்தன. இதுதான் நிஜம். இதற்காகத்தான் இரண்டு வருடம்.

ரோவெனா நடுவில் சிறு துளையிட்ட கறுப்புத் தட்டு ஒன்றை எடுத்து, அவளுடைய இடது கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். "துளை வழியா பாரு, மேடம்."

பார்த்தாள். மாவு இறுகிற்று. பற்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றன.

"மேல" என்றாள் லுல்வா. தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. "வலது. வலது. கீழ. இடது."

"துளையில தெளிவா தெரிஞ்சா, கண்ணுக்கு உள்ளே கோளாறு இருக்கற மாதிரி இல்லே. கண்ணாடி போதும். டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டு, பயம் வேண்டாம்."

படிவத்தில் 'கண்ணாடி அணிந்து ஓட்ட வேண்டும்' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டு முத்திரை குத்தினாள். உலகத்தில் எத்தனையோ பேர் வெறுக்கும் அந்தக் குறியை லுல்வா விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணாடி. கடையில் கிடைக்கிற, மூக்கில் மாட்டுகிற, உட்கார்ந்தால் உடைகிற சாதாரணப் பொருள்.

நடைபாதைக்கு வந்ததும் அவள் நின்றாள். "மூதி, நான் பயந்தது பிரேக்குக்கு இல்லடி. அம்மாவை நினைச்சுத்தான்."

ஏதாவது கிண்டல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மூதி முகத்திரையின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் மட்டும் என்னவாம்? நானும் தினம் குளியலறைல ஒரு கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். தனியா வரத் தைரியம் இல்லாமத்தானே உன்னை இழுத்துட்டு வந்தேன்."

லுல்வாவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருடம் இரண்டு வீட்டுக் குளியலறைகளில், ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி! சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். மூதியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சேர்ந்துகொண்டாள்.

அறைக் கதவு திறந்தது. ரோவெனா தொலைபேசியைக் காதில் வைத்தபடி, நேற்றைய பட்டியலில் ஒவ்வொரு பெயராக அழைத்துக்கொண்டிருந்தாள். "மேடம், ஆஸ்பத்திரி போகாதே. இங்கே வா. உன் கண் நல்ல கண்."