ஒளிபரப்பில் வராத முந்தல்

பந்தயக்காரர்கள் அவனைப் பூட்டு என்று கூப்பிடுவார்கள். அவனுக்கு முன்னால் போக வேண்டுமென்றால் ஒன்று அவன் கார் பழுதாக வேண்டும், இல்லையேல் அவனாகப் பார்த்து வழிவிட வேண்டும். இரண்டாவது நடந்ததாகச் சரித்திரம் இல்லை. அவனைவிட வேகமான காரை வைத்துக்கொண்டு, பந்தயம் முழுக்க அவன் பின்புறத்தையே தரிசித்தபடி சுற்றியவர்கள், இறங்கியதும் ஹெல்மெட்டைச் சுவரில் எறிவார்கள். இத்தனை வருடத்தில் அவன் ஒரு பந்தயமும் ஜெயித்ததில்லை. அவனுடைய அணியின் காருக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. ஏழாவதாக வரவேண்டிய காரை நாலாவதாகக் கொண்டுவந்து நிறுத்துவான். அதற்குத்தான் சம்பளம்.

வீட்டுக் காரிலும் அவன் கை சும்மா இருக்காது. மனைவியை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போன ஒருநாள், பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்த டவுன் பஸ்ஸுக்குக் கடைசிவரை வழிவிடவில்லை.

"பஸ்ஸுல இருந்த அத்தன பேரும் என்னத்தான் மொறைச்சாங்க. நீங்க எங்க திரும்பிப் பாத்தீங்க" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுக்க அவள் அவனோடு பேசவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது பந்தயச் சங்கத்தால். முதலில் கிளம்புகிறவன் முதலில் வருகிறான், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஜனங்கள் டிவியை மாற்றத் தொடங்கியிருந்தார்கள். முந்தலைப் பெருக்குவது எப்படி என்று சங்கம் ஒரு குழு போட்டது. குழுவின் தலைவர் கார் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. அவருக்கு டிரைவர் உண்டு. அவர் பக்கத்தில் ஒரு ஆலோசகர். இதற்கு முன் ஷாம்பு விற்பனையைப் பெருக்கியவர், ஆகவே எதையும் பெருக்குவார் என்று நம்பினார்கள்.

குளிரூட்டிய அறையில் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். காரின் பின்னால் இருக்கும் பெரிய றெக்கையைச் சின்னதாக்கினால், பின்னால் வருகிறவன் காற்றில் தடுமாறாமல் நெருங்கி வருவான், முந்துவான் என்று பொறியாளர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த றெக்கையில்தான் விளம்பரம் ஒட்டுகிறோம் என்று அது தள்ளுபடி ஆனது. பாதையில் திடீர் திடீரென்று தண்ணீர் தெளிக்கலாம் என்றார் ஒருவர். முன்னால் போகிறவனுக்கு மட்டும் வேகத்தடை போடலாம் என்றார் இன்னொருவர். தலைவர் அதைக் கொஞ்சநேரம் நிஜமாகவே யோசித்தார். கடைசியில் ஆலோசகர் எழுந்து நின்றார்.

"ஜனங்களுக்கு எது வேணுமோ அதுக்குக் கூலி குடுங்க. ஒரு முந்தலுக்கு ஒரு புள்ளி. ஜெயிச்சாலும் ஒரே புள்ளிதான். அப்புறம் பாருங்க."

பார்த்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

முதல் பந்தயத்திலேயே ஓட்டுநர்கள் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தச் சுற்றில் நீ என்னை முந்து, அடுத்த சுற்றில் நான் உன்னை முந்துகிறேன். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, இருவருக்கும் புள்ளி. ஜென்ம விரோதிகளெல்லாம் கையசைத்து வழிவிட்டுக்கொண்டார்கள். திரையின் மூலையில் முந்தல் கணக்கு மீட்டர் வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போனது. நடுப் பருவத்துக்குள், பின்வரிசையில் கிளம்பினால்தான் நிறைய முந்தலாம் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கிளம்பும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் யார் அதிகம் மெதுவாகப் போவது என்று போட்டி. ஒருவர் நடுப்பாதையில் நிறுத்தி ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தார். பந்தயம் தொடங்க விளக்கு அணைந்தால், லிஃப்ட் வாசலில் நிற்கும் பெரிய மனிதர்கள் மாதிரி, நீங்க போங்க, பரவால்ல நீங்க போங்க என்று நின்றார்கள்.

பூட்டு மட்டும் போனான். "மெதுவா ஓட்டுறதுக்கா எங்கம்மா என்னப் பெத்தா" என்று தகுதிச் சுற்றில் வேகமாக ஓட்டி முதலிடத்தில் நின்று, முதலில் கிளம்பி, முதலில் வந்தான். அந்த வருடம் வரிசையாக ஜெயித்தான். யாரும் கவனிக்கவில்லை. கேமராக்கள் எல்லாம் பின்னால் நடக்கும் முந்தல் திருவிழாவில் இருந்தன. கோப்பையை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஜெயிக்க வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருப்பான். கையில் வந்தபோது அது சப்பென்று இருந்தது. பந்தயம் முடிந்ததும் மனைவி போன் செய்வாள்.

"நீங்க இன்னைக்கு ஓட்டுனீங்களா? ஒரு தடவகூடக் காட்டலையே."

முந்தல் கணக்கில் அவன் பெயருக்கு நேரே பூஜ்யம். ஒரு சுற்று பின்தங்கிய காரைத் தாண்டுவது முந்தல் ஆகாது என்பது விதி. முன்னால் யாருமே இல்லாதவன் வேறு யாரை முந்துவான்? அவனுடைய அணியின் பொறியாளர், காதில் மாட்டிய கருவியில் பந்தயம் முழுக்க அவனோடு பேசுகிறவன், அவன் மனைவியின் தம்பிதான். மைத்துனன் கெஞ்சிப் பார்த்தான்.

"மாமா, ஊரே மாத்தி மாத்தி விட்டுக்குடுக்குது. நீங்களும் ஒரே ஒரு தடவ விட்டுட்டு, திரும்ப வாங்கிக்கங்களேன்."

"அது ஓவர்டேக் இல்ல மாப்ள. கதவத் தொறந்துவிட்டா உள்ள வர்றவன் விருந்தாளி."

கடைசிப் பந்தயத்துக்கு முன் அணியின் முதலாளி அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர்.

"பூஜ்யம்னு போட்ட கார்ல தன் கம்பெனி பேர் இருக்கக் கூடாதுன்னு விளம்பரக்காரர் சொல்லிட்டாரு. எனக்கு ஜெயிக்கவே வேணாம்பா. ஒரே ஒரு ஓவர்டேக். இல்லேன்னா அடுத்த வருஷம் உன் சீட்டுல வேற ஆள்."

 காரை விட்டு இறங்கினால் பூட்டுக்கு வேறொன்றும் தெரியாது. பஸ் ஓட்டும் வேலைக்குக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனாலும் தகுதிச் சுற்றில் கால் தானாக அழுத்தியது, மறுபடி முதலிடம். மைத்துனன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

பந்தயம் தொடங்கியது. வழக்கம்போலப் பூட்டு தனியாகப் போய்க்கொண்டிருந்தான். பாதி தாண்டியபோது பக்கக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் கார் தெரிந்தது. முதலில் அவன் நம்பவில்லை. குளவி என்று பட்டப்பெயர் வாங்கிய பெண் அவள். முந்தல் கணக்கில் யாரும் எட்டமுடியாத உயரத்துக்குப் போய், அந்த வருடப் பட்டத்தை ஏற்கெனவே கையில் வைத்திருந்தாள். இனி அவளுக்குப் புள்ளி எதற்கு? திருவிழாவை விட்டுப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

இடதில் வந்தாள், அடைத்தான். வலதில் மூக்கை நீட்டினாள், அடைத்தான். மூன்றாவது வளைவில் அவன் எதிர்பார்க்காத இடத்தில், பிரேக்கைக் கடைசி நொடிவரை தொடாமல், உள்பக்கமாகப் புகுந்து போய்விட்டாள். அவன் கார் பழுதாகாமலேயே, அவன் வழிவிடாமலேயே, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கார் அவனைத் தாண்டியது. ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது. அது அவனுக்கே புரியவில்லை. பல சுற்று அவளைத் துரத்தினான். கடைசிச் சுற்றில், நீண்ட நேர்பாதையின் முடிவில், சக்கரத்தோடு சக்கரம் உரச அவளை முந்தி, ஜெயித்தான்.

"மாமா, ஓவர்டேக்" என்றான் மைத்துனன்.

ஆனால் திரையில் பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. பூட்டும் மைத்துனனும் முதலாளியும் குழு அறைக்கு ஓடினார்கள். குளவியும் கூட வந்தாள். தலைவர் விதியைச் சொன்னார்: ஒளிபரப்பான முந்தல்தான் முந்தல்.

"கேமரா பூரா பின்னாடி இருந்துச்சு. அங்க நானூத்திச் சொச்சம் முந்தல் நடந்துச்சே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அதுல ஒண்ணாவது நெஜமா சார்?" என்றாள் குளவி. "இவரு என்னைய நெஜமா முந்துனாரு. நானே சாட்சி."

"நீங்க ஒளிபரப்பாம்மா?" என்றார் தலைவர்.

ஆலோசகர்தான் வழி கண்டுபிடித்தார். பரிசளிப்புக்கு முன் ஒளிபரப்பில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. இரண்டு பேரும் போய் நடந்ததை நடந்தபடியே செய்து காட்டட்டும்; முதலில் குளவி முந்த வேண்டும், பிறகு பூட்டு முந்த வேண்டும். இரண்டையும் கணக்கில் ஏற்றிவிடலாம். இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் அவர்களுக்கு எல்லாம் பழகிவிட்டது.

"அண்ணே, மூணாவது வளைவுல உள்ள வருவேன். நீங்க கொஞ்சம் அகலமாத் திரும்புங்க, போதும்" என்றாள் குளவி. "நேர்பாதையில நான் ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துடறேன்."

பூட்டு தலையாட்டினான். மனதாரத்தான் ஆட்டினான். அவனுக்குச் சீட் வேண்டும். ஒரு சுற்று, ஒரு வளைவு, கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், எறும்புகூடச் செய்யும்.

இருவரும் கிளம்பினார்கள். கேமராக்கள் எல்லாம் அவர்கள் மேல். மூன்றாவது வளைவு வந்தது. மஞ்சள் மூக்கு கண்ணாடியில் தெரிந்தது. பூட்டு கையைத் தளர்த்த நினைத்தான். கை அடைத்துவிட்டது.

"பரவால்ல மாமா, பழக்கதோஷம். அடுத்த சுத்துல விடுங்க" என்றான் மைத்துனன்.

அடுத்த சுற்றிலும் அடைத்தான். அதற்கடுத்த சுற்றில், போனால் போகிறது, வேறு வளைவில் விடலாம் என்று முடிவு செய்து அங்கேயும் அடைத்தான். குளவி முதலில் கையை விரித்துக் காட்டினாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு கோபமும் போய் நிஜமாகவே முட்டத் தொடங்கினாள். வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்துகொண்டிருந்த ஜனங்கள் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தார்கள். பார்வையாளர் மேடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"மாமா, சீட்டு போயிடும் மாமா. அக்காவ நெனச்சுப் பாருங்க. விடுங்க" என்று மைத்துனன் கதறினான். அப்புறம் காதில் வேறு குரலில் வந்தான்: "இடது பக்கம் வர்றா மாமா. அடைங்க."

அடைத்தான். பெட்ரோல் தீரும்வரை அடைத்தான். இரண்டு காரும் நேர்பாதையில் மெல்ல ஊர்ந்து நின்றபோது அவன் கார் முன்னால் நின்றது.

குளவி ஹெல்மெட்டைக் கழற்றினாள், எறியவில்லை. வந்து அவன் காரின் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "தலகீழா நின்னாலும் விடமாட்டீங்களாண்ணே?" என்றாள். பூட்டுப் போடத் தெரிந்த கைக்குத் திறக்கத் தெரியவில்லையே என்று அவன் நினைத்துக்கொண்டான்.

குழு அறையில் ஆலோசகர் கையிலிருந்த திரையில் பார்வையாளர் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடத்தில் அவ்வளவு பேர் எதையும் பார்த்ததில்லை.

"ஆனா முந்தல் ஒண்ணுகூட இல்லையேப்பா" என்றார் தலைவர்.

"அதத்தான் சார், அறிக்கையில எப்படிப் போடறதுன்னு யோசிக்கிறேன்."

தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டார்கள். முதலாளி பூட்டின் தோளில் கைவைத்து, நல்லா ஓட்டினப்பா என்று சொல்லி, அடுத்த வருடத்துக்கு வேறு ஆளை அமர்த்திவிட்டதையும் அதே மூச்சில் சொன்னார்.

உடை மாற்றும் அறையில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. போன் அடித்தது.

"இன்னைக்குக் காட்டுனாங்க" என்றாள் மனைவி. "நல்லா காட்டுனாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் நம்ம வீட்டுலதான் இருந்தாங்க."

"சீட்டு போச்சும்மா."

"தெரியும். தம்பி சொன்னான்." டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது. "சரி, வீட்டுக்கு வாங்க. வர்ற வழியில பின்னாடி பஸ் வந்தா வழி விட்டுடுங்க."

அவன் தன் கைகளைப் பார்த்தான். அவளிடம் அவன் பொய் சொல்வதில்லை.

"பாக்கறேன்" என்றான்.