கோடையில் வரைந்த ஊர்

துரைக்குப் படம் வரையும் கை நன்றாகவே இருந்தது. அதை மறுத்தால் என் வாய் அழுகிவிடும். கடற்படையில் லெப்டினன்டாக இருந்தபோது எங்கள் கரையோரமெல்லாம் சுற்றி வரைந்தார். லண்டனில் அது புத்தகமாக வந்தது. அந்தப் புத்தகத்தின் புண்ணியத்தில்தான் எங்கள் வான்கூவர் தீவுக்கே நில அதிகாரியாக வந்து உட்கார்ந்தார். பெயர் பென்ஹேல். நான் அவருக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி. அப்பா பிரெஞ்சுக்காரத் தோல் வியாபாரி, அம்மா இந்தக் கரையின் பூர்வகுடிக்காரி. அதனால் இரண்டு பக்கத்து ஏச்சும் எனக்குத்தான்.

அந்த நவம்பரில் குவெதால்வெட் என்பவள் துரையின் அலுவலகத்துக்கு வந்தாள். ஓடைமுகத்து ஊரில் பெரிய வீட்டுக்காரி, எனக்குச் சித்தி முறை. அவர்கள் ஊரை ஒரு வெள்ளைக்காரப் பண்ணையாருக்குத் துரை எழுதிக்கொடுக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள்.

துரை புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

"பாரும்மா, நானே நேர்ல பார்த்து வரைஞ்சது. கூரை இல்ல, சுவரு இல்ல, ஆளு இல்ல. வெறும் தூணுதான் நிக்குது. விட்டுட்டுப் போன ஊரு, யாருக்கு வேணா எழுதிக்கொடுக்கலாம்."

சித்தி படத்தின் மேல் குனிந்தாள்.

"அடேயப்பா! இது எங்க அண்ணன் முகம் செதுக்கி நட்ட தூணு. மூக்கு உடைஞ்சதக்கூட விடலியே. எந்த மாசம் தொரை வரைஞ்சீங்க?"

"ஜூலை."

சித்தி சிரித்துவிட்டாள்.

"ஜூலையில கூரை எப்படி இருக்கும்? மீன் பிடிக்கப் போறப்ப பலகையெல்லாம் கழட்டி, ரெண்டு படகு மேல கட்டிக் கூடவே கொண்டு போயிடுவோமே! அங்க அதுதான் வீடு. மழை தொடங்குனா திரும்ப வந்து மாட்டுவோம். எப்பவும் அப்படித்தான். நீ சொல்லுடா தொரைகிட்ட!"

சொன்னேன். கண்ணால் கண்டதும் பொய் என்பார்கள். துரையின் காது சிவந்தது.

"சரி, இப்ப வந்து பாக்குறேன்," என்றார்.

மறுநாள் படகில் போனோம். மழைத் தூறலில் படகடியிலேயே குடைக்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தார். பலகைச் சுவர், கூரைப் புகை, தொங்கும் மீன், சண்டை போட்ட நாய்கள், வாசலில் நின்ற சித்தி என்று ஒன்றையும் விடவில்லை. ஊர் பிழைத்தது என்று நம்பினேன். இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

படத்தின் கீழே எழுதத்தான் அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'கைவிடப்பட்ட ஊரில் அண்மையில் வந்து புகுந்தவர்கள்.'

"தொரை, அவங்க சொன்னது?"

"புத்தகம் அச்சாயிடுச்சுப்பா. லண்டன்ல பெரிய மனுஷங்க வீட்டுலயெல்லாம் இருக்கு. நான் பார்த்தது தப்புன்னு நானே எழுதவா? நிலம் பண்ணையாருக்குத்தான்."

நான் சம்பளக்காரன், அவருடைய பென்சில்களைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்தேன்.

அதற்குள் சித்தி சுட்ட மீனோடு படகடிக்கு வந்துவிட்டாள். "கீழ என்னடா எழுதியிருக்காரு?"

ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னைய நல்லாத்தான் வரைஞ்சிருக்காரு. அப்ப நான் யாரு வீட்டு வாசல்லடா நிக்கிறேன்?"