ஒன்பதாவது பாட்டில் ஓடியது யார்?

மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்று காலை வியாபாரம் மந்தம். கடைக்காரரான நெட்டையர், காம்பு கழன்ற ஒரு பிரேமுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு முன்னால் பேர்போன ராக் குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசித்தவர் அவர். அந்தக் குழுவின் பாட்டுகளில் தலையான பதினான்கைப் பொறுக்கி, பழைய நாடாக்களைச் சுத்தம் செய்து, போன வாரம்தான் கம்பெனி ஆல்பமாக வெளியிட்டிருந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளை மனைவி போனில் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"'எங்க கல்யாணத்துல மூணாவது பாட்டைத்தான் போட்டோம். இப்ப விவாகரத்து ஆயிடுச்சு. பாட்டு மேல தப்பில்ல.' அஞ்சு ஸ்டார்."

"நல்ல மனுஷன்."

"'இவங்க செஞ்ச ஒரே நல்ல காரியம் குழுவைக் கலைச்சதுதான்.' ஒரு ஸ்டார்."

"அவன் காதுல அடைப்பு. அடுத்தது?"

"இவரு டிரம்ஸ் வாசிக்கிறவராம். 'ஒன்பதாவது பாட்டுல வேகம் தறிகெட்டு ஓடுதுன்னு டிரம்மரைக் குழுவை விட்டே துரத்தினாங்க. இந்த ஆல்பத்துல எல்லா வாத்தியமும் தனித்தனியாக் கேக்குது. கவனிச்சுக் கேளுங்க. முதல்ல ஓடுறது பேஸ் கிட்டார். டிரம்மர் ரெண்டு சுத்து தன் கணக்குலயே நிக்கிறார். அப்புறம் வேணும்னே கணக்கை விட்டுட்டு பேஸ்காரர்கூட ஓடுறார். அந்த ஆளைத் தனியா மாட்டவிடக் கூடாதுன்னு...'"

அவள் அந்த வரியை மறுபடி ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். துரத்தப்பட்ட அந்த டிரம்மர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

"கண்டதையும் எழுதுவானுங்க" என்று நெட்டையர் சிரித்தார். மேசையில் கிடந்த ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு ஒன்பதாவது பாட்டைப் போட்டார்.

அந்தச் சிரிப்பு அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. இரண்டாம் சரணத்தில் அவருடைய கிட்டார் முடி அளவு முந்தியது. பிறகு விரல் அளவு. டிரம்ஸ் அசையவில்லை. ஒரு சுற்று. இரண்டு சுற்று. அதன் பிறகு, பிடித்து வைத்திருந்ததை விட்டது போல, அவர் பின்னாலேயே ஓடி வந்தது. மூன்று முறை திருப்பிக் கேட்டார். மூன்று முறையும் ஓடியது அவர்தான். அவர் திருப்பித் திருப்பிக் கேட்பதை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் இது தெரியாது என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வார், அது உண்மையும்கூட. ஆனால் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனைத் துரத்த முடிவெடுத்த குழுக் கூட்டத்தில் அவன் இவரை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆமா, என் கைதான் ஓடிடுச்சு" என்றான். அப்போது அவன் தங்கை ஏழு மாசக் கர்ப்பம். நெட்டையருக்கு வேறு வருமானம் கிடையாது.

அதற்கப்புறம் அண்ணன் அவர்கள் வீட்டுப் படியேறவில்லை. அண்ணனுக்காகக் கணவர் எவ்வளவோ மன்றாடியும் அவன் வீம்பு பிடிக்கிறான் என்று அவளும் அவனோடு பேச்சை விட்டுவிட்டாள். மன்றாடிய கதை நெட்டையர் சொன்னது. தெரியாமல் ஓடியது போகட்டும், இந்தக் கதையை அவர் தெரிந்தேதான் சொன்னார்.

"அன்னிக்கு அண்ணனை வெளியே அனுப்பக் கூடாதுன்னு சண்டை போட்டேன்னு சொன்னீங்களே?"

நெட்டையர் ஹெட்போனைக் கழற்றினார்.

"அண்ணன் வேண்டாம்னு கை தூக்கினது யாரு யாரு?"

"எல்லாரும்."

"நீங்களுமா?"

"நான்தான் முதல்ல."

அவள் அழவில்லை, கத்தவில்லை. அவரையே பார்த்தாள், யாரோ ஒரு புது ஆள் கடைக்குள் நுழைந்துவிட்டது போல. பிறகு போனில் ஒரு எண்ணைத் தேடி அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள். மணி ரொம்ப நேரம் அடித்தது.

"யாருங்க?" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

"அண்ணே..."

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று தடாலென்று விழும் சத்தம் கேட்டது.

"என்னம்மா ஆச்சு? ஏன் பேச மாட்டேங்கற?" குரல் பதறியது. "மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"