ஒய்.பி. பேசும்போது குதித்தவர்கள்

முகுந்தன் ஐந்தரைக்கு எழுந்தான். தண்ணீர் சுட வைத்தான். இரண்டு ரொட்டித் துண்டில் காயா ஜாம் தடவிப் பசியாறினான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி சுபாஷினி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. கழுவுவதற்கு ஒரு கோப்பைதான். கூம்புகள், நிறுத்துக் கடிகாரம், அட்டவணைத் தாள் எல்லாவற்றையும் காரில் போட்டுக்கொண்டு ஆறரைக்கு ஜெலாப்பாங்கை விட்டுக் கிளம்பினான்.

அன்று ஈப்போவில் மாநிலப் பெண்கள் காற்பந்துக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். தினேஸ்வரிக்கு இது மூன்றாவது முறை. கையுறை பேக்டரியில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுவிட்ட ஒரு பழைய தோட்டத்தின் திடலில் ஆடுகிற குழுவுக்கு அவள்தான் கேப்டன். பந்து அவள் சொன்னபடி கேட்கும். ஆனால் திசை மாற்றி ஓடும் சோதனையில் பதினொன்றரை வினாடிக்குள் வர வேண்டும். இரண்டு வருடமும் அங்கேதான் இடித்தது. வயது இருபத்தாறு. அடுத்த வருடம் பெயரே கொடுக்க முடியாது.

விளையாட்டு அறிவியல் படித்த முகுந்தன் அந்தக் குழுவுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவன். முன்பெல்லாம் அவர்கள் வார்ம் அப் என்றால் இரண்டு சுற்று ஓட்டம், கொஞ்சம் கால் நீட்டல், நிறைய ஊர்வம்பு. அவன் அதற்கு ஒரு வரிசை போட்டுக் கொடுத்தான். முதலில் மெதுவோட்டம். பிறகு உட்கார்ந்து எழுந்திருத்தல், ஒற்றைக் காலில் நிற்றல், குதித்தல். கடைசியில் வேகமாக ஓடி, காலை ஊன்றி, வெட்டித் திரும்புதல். இருபது நிமிடம், வாரம் மூன்று நாள். பத்தாவது வாரம் தினேஸ்வரி 12.1-லிருந்து 11.3-க்கு வந்துவிட்டாள். கால் ஆறிப்போய் ஓடினால் 11.8. அதையும் அளந்து வைத்திருந்தான்.

மலேசியாவில் பிறந்து வளர்ந்தவன் செய்யக்கூடாத தவறு ஒன்றை அன்று அவன் செய்தான். அழைப்புத் தாளில் போட்டிருந்த நேரத்தை நம்பிவிட்டான்.

திறப்பு விழா எட்டரைக்கு என்றிருந்தது. தினேஸ்வரியும் கூட வந்த குழுவினரும் எட்டு ஐந்துக்கு ஆரம்பித்து எட்டு இருபத்தைந்துக்கு வார்ம் அப்பை முடித்தார்கள். உடம்பில் ஆவி பறந்தது. எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். நின்றார்கள்.

"அண்ணே, மணி ஒம்பதாச்சு. ஒய்.பி. எங்க?" என்றாள் தினேஸ்வரி.

"தாப்பாவுல இருக்காராம்."

"தாப்பாவுலயா? அவரு வர்றதுக்குள்ள என் கால் ஐஸ் கட்டியாயிடும் லா!"

ஒய்.பி. என்று எல்லாரும் அழைக்கும் சட்டமன்ற உறுப்பினர் ஒன்பது ஐம்பதுக்கு வந்தார். கழுத்தில் மாலை விழுந்தது. மைக்கைப் பிடித்தார். இளைஞர் முன்னேற்றம் என்று தொடங்கினார். முகுந்தன் தாளைப் பார்த்தான். முதல் எண் தினேஸ்வரி.

"பேச்சு முடிஞ்ச கையோட உன்னத்தான் கூப்பிடுவாங்க. இடையில நேரமே இல்ல" என்று முணுமுணுத்தான்.

"அப்ப இப்பவே செய்யலாம்."

"ஒய்.பி. பேசிக்கிட்டு இருக்காரு."

"அவரு வாயால பேசட்டும். நான் காலாலதானே செய்யறேன்."

சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்து எழுந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற புஷ்பலதா சிரித்துவிட்டு அவளும் உட்கார்ந்து எழுந்தாள். மூன்றாவது ஆள். ஐந்தாவது. குழுவின் பதினோரு பேரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். ஏற்பாட்டாளர் உடையப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏய், என்னா இது? மரியாத தெரியாதா?"

"தெரியும்ணே. ஆனா குதிக்கணும்" என்றாள் புஷ்பலதா. குதித்தார்கள்.

பேச்சு நின்றது. முகுந்தன் தினேஸ்வரியைப் பார்த்தான். வெளியே போகச் சொன்னால் அவள் கதை இத்தோடு முடிந்தது.

"பாகுஸ்! பாகுஸ்!" என்று மைக்கிலேயே கைதட்டினார் ஒய்.பி. "நம்ம பொண்ணுங்களோட சுறுசுறுப்பப் பாருங்க!"

உடையப்பனும் வேறு வழியில்லாமல் கைதட்டினார். அந்த உற்சாகத்தில் ஒய்.பி. இன்னும் பத்து நிமிடம் பேசினார். அது போதும். வரிசையை விட்டு விலகி, மேடைக்குப் பக்கவாட்டில் ஓடி, ஊன்றி, வெட்டித் திரும்பினார்கள். கூட்டம் விசிலடித்தது.

"நம்பர் சத்து!"

முதல் எண்ணைக் கூப்பிட்டதும் தினேஸ்வரி கோட்டில் நின்றாள். விசில். பத்து மீட்டர் நேராகப் பாய்ந்தாள். இடது கூம்பைத் தொட்டாள். புல் பிய்ந்து பறந்தது. குறுக்கே வலது கூம்பு. கால் வழுக்கவில்லை, இடுப்பு தாழ்ந்தே இருந்தது. மறுபடி நடுக்கூம்பு. இனிப் பின்னோக்கி ஓட்டம். "வா! வா! வா!" யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள். அது தன் குரல் என்பது முகுந்தனுக்குச் சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது. அவள் கோட்டைத் தாண்டி மல்லாந்து விழுந்தாள்.

அவன் கடிகாரத்தில் 11.29. நடுவர் 11.31 என்று எழுதினார்.

மற்ற பத்துப் பேரும் அவள்மேல் விழுந்தார்கள். முகுந்தன் கூம்பு ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றான்.

மத்தியானம் ரொட்டிச் சானாய் கடையில் புஷ்பலதா யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "தினேஸ்வரிக்குக் கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சுக்கா. வானத்தப் பாத்து, 'இது நம்ம தோட்டத்துக்கு'ன்னு சொன்னா பாரு, எனக்குப் புல்லரிச்சிடுச்சு."

முகுந்தன் திருத்தவில்லை. அவள் விழுந்து கிடந்தபோது பக்கத்திலேயே குனிந்து நின்றவன் அவன். மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் புல்லாக, அவன் கையைப் பிடித்து எழுந்துகொண்டே அவள் சொன்னது இவ்வளவுதான்:

"இப்பதான் லா சூடு ஏறியிருக்கு. இன்னொரு வாட்டி ஓடவா?"