ஒரு டம்ளர்

சின்னராசு படையல் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டில் மூடியைத் திருகினான்.

"பாத்து ஊத்து தம்பி. அவருக்கு ஒரு டம்ளர்தான்" என்றாள் கமலா.

புருஷன் வெங்கடேசன் போய் மூன்றாம் நாள். காலையில் பால் தெளித்துவிட்டு வந்து, பிடித்ததையெல்லாம் வைத்தாயிற்று. கருவாட்டுக் குழம்பு, பீடிக்கட்டு, கடைசியாக இது. இனிமேல் கெட்டுப்போக அவருக்கு ஈரல் ஏது?

கமலாவின் பயமெல்லாம் மகன் செழியன் மேல்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "ஒரு நாளைக்கு எத்தன குடிப்பாரு?" என்று கேட்டபோது, "ஒண்ணுதாங்க, மேல தொடமாட்டாரு" என்று பெருமையாகவே சொன்னாள். "முப்பது மில்லிங்களா?" என்றதற்கும் தலையாட்டினாள். "இவ்ளோ கம்மியா குடிச்சா ஈரல் இப்படி ஆவாதே" என்று டாக்டர் வேறு நோயைத் தேடி டெஸ்ட் மேல் டெஸ்ட் எடுத்தார். வெங்கடேசன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நோய்க்குப் பேர் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அது பிள்ளைக்கும் வருமோ என்று மூன்று நாளாக அவன் கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னராசு ஊற்றிக்கொண்டே இருந்தான். பாட்டில் தலைகீழாயிற்று.

"இன்னா, முழுசையும் ஊத்திட்ட?"

"அண்ணன் டம்ளரு அண்ணி. கரெக்டா ஒரு குவாட்டர், நூத்தியெம்பது மில்லி புடிக்கும். தண்ணிகூடக் கலக்க மாட்டாரு."

வெங்கடேசன் தினமும் அவளிடம் டம்ளரை வாங்கிக்கொண்டு வயல் மோட்டார் கொட்டாய்க்குப் போவார். வெறும் டம்ளரோடு திரும்பி வருவார். பாட்டில் வீட்டுக்குள் வராததை அவர் தனக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்துக் கழுவிக் கவிழ்த்தவள் அவள்.

கற்பூரம் அணைந்ததும் செழியன் டம்ளரை எடுத்தான்.

"வைடா கீழ."

"நானும் அப்பா மாரி ஒண்ணுதாம்மா. தெனம் அவ்ளோதான்."

தினமா? கரும்பு லோடு ஓட்டுகிறவன். அவளுக்கு இதுகூடத் தெரியாது.

கமலா கட்டிலடியில் கிடந்த மருந்து மூடியை எடுத்து வந்தாள். முப்பது மில்லி கோடு போட்டது. அவன் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி, கோடு வரைக்கும் மூடியில் ஊற்றி, வாசல் மண்ணில் கொட்டினாள்.

"ஒண்ணு" என்றாள்.

"யம்மா, இன்னா பண்ற?"

"ரெண்டு."

டம்ளர் காலியானபோது ஆறு. சின்னராசு தலையைக் குனிந்துகொண்டான்.

கமலா மகன் முகவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்தாள்.

"சிமிட்டாதடா" என்றாள்.